சாம்பல் நிறமாகும் தார்ச்சாலை: பேட்டைத் தெருக்களின் மேற்பரப்பைக் காப்பது பற்றி

புதிதாகப் போடப்பட்ட தார்ச்சாலை கன்னங்கரேலென்று இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே சாலையைப் பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. தூசி படிந்து மங்கிவிட்டது என்று எண்ணி நாம் கடந்துபோகிறோம். ஆனால் அந்த மாற்றத்துக்குத் தூசி காரணம் அன்று. ஜல்லிக் கற்களைப் படலமாகப் போர்த்தியிருந்த கரிய பசை வெயிலாலும் சக்கரங்களாலும் தேய்ந்து விலக, உள்ளிருக்கும் கருங்கல்லின் சொந்த நிறம் வெளியே வருகிறது. எஞ்சியிருக்கும் பசையும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருக்கிறது. கையில் கருவி எதுவும் இல்லாதவருக்கு, ஒரு தெருவின் வயதை அறிய அந்த நிறமே போதுமான அடையாளம்.

சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் தரைவீடுகள் நிறைந்த ஒரு குறுந்தெரு வழியாகத்தான் நான் பல ஆண்டுகளாக எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து செல்கிறேன். அந்தத் தெருவில் நாள்தோறும் ஓடுபவை பெரும்பாலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களுமே. தவறாமல் வந்துபோகும் கனமான வாகனம் குப்பை லாரி ஒன்றுதான். அப்படியிருந்தும் அந்தத் தெருவின் மேற்பரப்பில் முதலில் சிறு கற்கள் உதிரத் தொடங்கின. பிறகு மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றின. ஒரு டிசம்பர் மழைக்குப் பின் சில இடங்களில் குழியும் விழுந்தது. பாரமே இல்லாத தெரு எதனால் கெட்டது என்று தேடிப் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை. பேட்டைத் தெருக்கள் பாரத்தால் கெடுவதைவிட, வெயிலாலும் மழையாலும் மேலிருந்து கீழாகக் கெடுவதே அதிகம். ஆகவே, மேற்பரப்பு நன்றாக இருக்கும்போதே அதை நிலக்கீல் எனும் அந்தக் கரிய பசையும் கல்லும் கலந்த மெல்லிய பூச்சால் மூடிவிடுவதுதான் அவற்றுக்கு ஏற்ற பராமரிப்பு என்பது என் துணிபு.

சாலையின் மேற்பகுதியாக நாம் காணும் கலவையை இங்குள்ள ஒப்பந்ததாரர்களும் தொழிலாளர்களும் 'பிரீமிக்ஸ்' என்கிறார்கள். எடைக் கணக்கில் அதில் சுமார் 95 விழுக்காடு கல்லும் மணலும் கல்தூளும். மீதி 5 விழுக்காடுதான் பசை. அதை நாம் தார் என்று அழைத்தாலும், இன்று சாலையில் இருப்பது நிலக்கரியிலிருந்து கிடைக்கும் தார் அன்று. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் கனமான பொருள். அதற்கு நிலக்கீல் என்ற நல்ல சொல் தமிழில் இருக்கிறது. கீல் என்பது மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நீர் புகாதவாறு பூசப்பட்ட பொருள். சாலையிலும் அதற்கு அந்த வேலை உண்டு: கல்லைக் கல்லோடு பிணைப்பது பாதி வேலை என்றால், தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பது மறுபாதி. இந்த இரண்டாம் வேலையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நிலக்கீல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்ல வினைபுரிகிறது. வெப்பம் அந்த வினையை விரைவுபடுத்துகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேற்படலத்தை நேரடியாகவே தாக்குகின்றன. எண்ணெய்த்தன்மை கொண்ட மென்மையான கூறுகள் குறைந்து, கடினமான கூறுகள் பெருகுகின்றன. வளைந்துகொடுத்த பசை உடையும் தன்மையைப் பெறுகிறது. நம் ஊர் உச்சி வெயிலில் நிழலற்ற தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும் என்பதை நினைத்தால், இந்த முதுமை எவ்வளவு இடைவிடாமல் நிகழ்கிறது என்பது விளங்கும். இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. முதுமை மிகக் கடுமையாக இருப்பது மேலே உள்ள சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான். நன்றாக அழுத்தப்பட்ட கலவையில் அதற்குக் கீழே காற்றும் ஒளியும் எளிதில் எட்டாததால், நிலக்கீல் நெடுங்காலம் உயிர்ப்புடனேயே இருக்கும். நோய் தோலளவில் இருக்கும்போது மருந்தும் தோலளவில் போதும்.

தோல் உடைந்துவிட்டால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு நாள் மழை நாள். விரிசல் வழியே இறங்கும் நீர் அடித்தளத்தை ஊறவைத்து இளக்குகிறது. ஈரமான விரிசல்மேல் ஒரு சக்கரம் ஏறும்போது உள்ளே சிக்கிய நீர் அழுத்தத்துடன் மேலே பீறிட்டு, அடித்தளத்தின் நுண்ணிய மண்ணையும் தன்னோடு கொண்டுவருகிறது. விரிசல் ஓரங்களில் காய்ந்து படிந்திருக்கும் வெளுத்த சேற்றுக்கறை இதற்குச் சான்று. அடியில் வெற்றிடம் உண்டானபின் அந்த இடத்தில் குழி விழுவதற்கு லாரி தேவையில்லை, ஒரு கார் போதும். தெருவோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பங்கும் இருபுறமானது: அவற்றின் நிழல் வெயிலைத் தடுத்து நிலக்கீலைக் காக்கிறது; அதே நிழல் மழைக்குப்பின் மேற்பரப்பை நெடுநேரம் ஈரமாகவும் வைத்திருக்கிறது; வேர்களோ சில இடங்களில் தளத்தையே உயர்த்தி விரிசலுக்கு வழி செய்கின்றன.

பாரம் என்ற காரணத்தை நான் ஒதுக்கியதற்கு ஆதாரம் வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை பெரும் சாலைச் சோதனை ஒன்று நடந்தது. வெவ்வேறு தடிமனில் அமைக்கப்பட்ட சுற்றுப்பாதைகளில் இராணுவ ஓட்டுநர்கள் ஏறத்தாழ ஈராண்டு காலம் லாரிகளை இடைவிடாமல் ஓட்டினார்கள். அதிலிருந்து கிடைத்த முடிவு இன்றுவரை உலகெங்கும் சாலை வடிவமைப்பில் பயன்படுகிறது: சக்கர அச்சு தாங்கும் எடை இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் சுமார் 16 மடங்காகிறது, பத்து மடங்கானால் சேதம் சுமார் 10,000 மடங்கு. ஒரு காரின் அச்சும் நிறைசுமை ஏற்றிய லாரியின் அச்சும் ஏறத்தாழ இந்தப் பத்து மடங்கு இடைவெளியில்தான் நிற்கின்றன. ஆகவே கார்கள் மட்டும் போகும் தெருவுக்குப் போக்குவரத்தால் நேரும் சேதம் மிகக் குறைவு. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டும்போது வரும் கான்கிரீட் லாரிகள் இதற்கு விதிவிலக்கு. ஒரு கட்டுமானம் நடக்கும் சில மாதங்களில் அந்தத் தெரு பல ஆண்டுகளின் பாரத்தைச் சுமந்துவிடுகிறது என்று சொல்வது மிகையாகாது.

சிங்கப்பூரில் சாலைகள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. விரைவுச்சாலைகள் முதல் வகை. வீடுகளின் வாசல்வரை வரும் உள்ளூர்ச் சாலைகள் ஐந்தாம் வகை. 1995இல் அமைக்கப்பட்ட நிலப் போக்குவரத்து ஆணையம் பொதுச் சாலைகளைப் பார்வையிட்டுப் பராமரிக்கிறது. இங்கே நாம் வழக்கமாகக் காணும் முறை, தேய்ந்த மேற்பரப்பை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே தடிமனுக்குச் சூடான பிரீமிக்ஸை மீண்டும் பரப்பி ரோலரால் அழுத்துவது. இது நல்ல முறைதான். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய படலத்தைப் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் உறவினர் உள்ள எவருக்கும் தெரியும்: தெரு ஒவ்வொரு முறையும் உயர, வீட்டு வாசற்படி தாழ்ந்து, மழைநீர் வீட்டுக்குள் வந்துவிடும். சாலையோரக் கட்டையின் உயரமும் வடிகாலின் வாயும் மாறாமல் இருக்கவேண்டும் என்ற ஒழுங்கு இங்கே கடைப்பிடிக்கப்படுவதை நான் பாராட்டுகிறேன். சுரண்டிய பொருளும் வீணாவதில்லை. அதை நொறுக்கிப் புதிய கலவையில் ஒரு பங்காகச் சேர்க்க முடியும்.

ஆனால் அந்த முறை, மேற்பரப்பு தேய்ந்து முடிந்தபின் செய்யும் முறை. அதற்கும் முன்னால் செய்யத்தக்க மெல்லிய மேற்பூச்சைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். அதன் வரலாறு பிரீமிக்ஸின் வரலாற்றுக்கு இளைத்ததன்று.

இந்தத் தீவின் முதல் சாலைகளுக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் முதல் குழுவில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் இருந்தார்கள். அடுத்து வந்த குழுவில் பெரும்பாலோர் வங்காளத்தவர். 1873இல் கைதிக் குடியிருப்பு முறை முடிவுக்கு வரும்வரை, சதுப்பை நிரப்பியும் காட்டை வெட்டியும் கல்லுடைத்தும் சாலைகளை அமைத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். அன்றைய சாலைகளுக்கு நீர்புகாத தோல் என்று ஒன்று இல்லை. செம்மண்ணும் உடைத்த கல்லும் அழுந்திக் கிடந்த பரப்பு, மழையில் சேறாகவும் வெயிலில் புழுதியாகவும் மாறிக்கொண்டிருந்தது. மாட்டுவண்டிக் காலத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அந்தப் புழுதி, கார்கள் வந்தபின் உலகெங்கும் பெருந்தொல்லையாயிற்று.

அந்தத் தொல்லைக்குத் தீர்வு கண்டவர்களில் ஒருவர் நம் வட்டாரத்தோடு தொடர்புடையவர். எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி என்ற சுவிஸ் மருத்துவர் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் மருத்துவராகப் பணியாற்றியவர். அங்கே மருத்துவமனைத் தரைகளில் தார் பூசியிருந்ததை நினைவில் வைத்திருந்துதான் 1902இல் மொனாக்கோவில் சாலைமேல் சூடான தாரை ஊற்றிப் பரப்பிப் பார்த்தார் என்று சொல்வார்கள். புழுதி அடங்கியது. அதற்குச் சற்று முன்பு, 1901இல், இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் எட்கர் பர்னல் ஹூலி என்ற பொறியாளர், சாலையில் கவிழ்ந்த தார்ப்பீப்பாயின்மேல் யாரோ உலைக்கசடைக் கொட்டி மூடியிருந்த இடம் மட்டும் புழுதியின்றி உறுதியாக இருந்ததைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே டார்மாக். பசையை ஊற்று, மேலே கல்லைக் கொட்டு, அழுத்து: தற்செயலாக நேர்ந்த அந்த மூன்று செயல்களும் இன்றும் மேற்பூச்சு முறையின் அடிப்படையாக இருக்கின்றன.

மேற்பூச்சுகளில் மிக எளிமையானது, நீர்த்த நிலக்கீல் பால்மத்தைக் கல் ஏதுமின்றித் தெளிப்பது. பால்மம் என்றால் நிலக்கீலை நுண்துளிகளாக்கி நீரில் மிதக்கவிட்ட திரவம்; பார்வைக்குப் பழுப்புநிறக் காபி போல இருக்கும், நீர் பிரிந்ததும் கறுத்துவிடும். இந்தத் தெளிப்பு ஓரிரண்டு ஆண்டுகளுக்கு முதுமையைத் தள்ளிவைக்கும். சாலையை வழுக்கலாக்கும் அபாயமும் இதில் உண்டு என்பதால் அளவு தப்பக்கூடாது.

அடுத்தது, 'சிப் சீல்' எனப்படும் ஜல்லித் தூவல் பூச்சு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நெடுந்தொலைவு நாட்டுப்புறச் சாலைகள் இதைக்கொண்டே காக்கப்படுகின்றன. சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர்வரை நிலக்கீலைச் சீராகத் தெளித்து, அது கெட்டிப்படும் முன்பே ஒரே அளவிலான சிறு ஜல்லியை ஒற்றை அடுக்காகத் தூவி, ரப்பர் சக்கர ரோலரால் அழுத்துவார்கள். இரும்பு ரோலர் கல்லை நொறுக்கிவிடும் என்பதால் ரப்பர் சக்கரம். பார்க்க மிக எளிதாகத் தோன்றும் இந்த வேலையின் நுட்பத்தை முதலில் கணக்காக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த எஃப். எம். ஹான்சன். 1930களின் நடுவில் அவர் கண்டறிந்தது இது: தூவியவுடன் கற்களுக்கிடையே பாதி இடம் வெற்றிடமாக இருக்கிறது, ரோலர் ஓடியபின் அது சுமார் 30 விழுக்காடாகிறது, வாகனங்கள் ஓடி ஓடிக் கற்கள் தட்டையான பக்கத்தில் படுத்தபின் சுமார் 20 விழுக்காட்டில் நிலைக்கிறது. அந்த இறுதி வெற்றிடத்தில் எவ்வளவு பங்கை நிலக்கீல் நிரப்பவேண்டும் என்று கணித்தே தெளிக்கும் அளவை முடிவுசெய்ய வேண்டும். குறைந்தால் கல் கழன்றுவிடும்; மிகுந்தால் வெயிலில் நிலக்கீல் மேலே பொங்கிச் சாலை வழுக்கும். வேலையின் கடைசிப் பகுதியைச் சாலையில் ஓடும் வாகனங்களே செய்து முடிக்கின்றன என்பதை எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்தப் பூச்சு சாலைக்கு வலிமை சேர்ப்பதில்லை. அது நீரைத் தடுக்கும். கீழுள்ள நிலக்கீலை வெயிலிலிருந்து மறைக்கும். தேய்ந்து வழவழப்பான பரப்புக்கு மீண்டும் சொரசொரப்பைத் தந்து மழைநாளில் சக்கரம் பிடிக்க உதவும். அவ்வளவே. முதலைத் தோல் போலப் பின்னிய விரிசல்கள் உள்ள இடத்தில் அடித்தளமே தளர்ந்திருக்கும். அதன்மேல் பூசுவது பணத்தை வீணாக்குவதாகும். அப்படிப்பட்ட இடத்தைத் தோண்டிச் சரிசெய்தபின்தான் பூச்சைப் பற்றிப் பேசவேண்டும். மேற்பூச்சுக்குப் பல இடங்களில் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், சாலை செத்தபின் அதைப் பூசியதுதான் என்பது என் கருத்து.

நுண்கல்லும் பால்மமும் நீரும் சிறிது சிமெண்டும் சேர்ந்த குழம்பைச் சில மில்லிமீட்டர் தடிமனில் பரப்புவது இன்னொரு வகை. ஸ்லரி சீல் என்ற இந்த முறை 1920களின் இறுதியில் ஜெர்மனியில் தொடங்கியது. பின்னர் அங்கேயே, நிலக்கீலில் பாலிமர் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குள் வாகனங்களை அனுமதிக்கும்படி விரைவில் இறுகும் கலவையை உருவாக்கினார்கள். அதன் பெயர் மைக்ரோ சர்ஃபேசிங். ஜல்லித் தூவலின்மேல் குழம்பைப் பரப்பிக் கற்களைப் பூட்டிவிடும் தென்னாப்பிரிக்காவின் கேப் சீல், தரம்பிரிக்காத கல்லையும் இளகிய நிலக்கீலையும் கொண்டு செய்யும் நார்வேயின் ஒட்டா சீல் என்று உள்ளூர்க் கல்லுக்கும் வானிலைக்கும் ஏற்ப இதன் உறவுமுறைகள் விரிகின்றன.

கல்லும் நிலக்கீலும் ஒட்டும் விதம் தனியாகப் பேசத்தக்கது. நம் சாலைகளில் பெரிதும் பயன்படும் கருங்கல், சிலிக்கா மிகுந்த கல். அதன் பரப்பு இயல்பாகவே நீரை விரும்புவது. கல்லுக்கும் நிலக்கீலுக்கும் இடையே நீர் நுழைய வாய்ப்புக் கிடைத்தால், கல் நிலக்கீலைக் கைவிட்டு நீரைப் பற்றிக்கொள்ளும். சூடான கலவையில் இதைத் தடுக்க நீற்றிய சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்ப்பது வழக்கம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறையும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. சுமார் 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் துண்டாக்கிய கழிவு பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைப் படலமாக மூடுகிறது. அதன்மேல் ஊற்றும் நிலக்கீலை நீர் எளிதில் பிரிக்க முடிவதில்லை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அது சூடான கலவைக்கு உரிய முறை. குளிர்ந்த நிலையில் செய்யும் மேற்பூச்சுக்கு அப்படியே பொருந்தாது.

மேற்பூச்சில் அந்தச் சிக்கலுக்கு வேறொரு அழகிய தீர்வு இருக்கிறது. ஈரமான கருங்கல்லின் பரப்பில் எதிர்மின்னேற்றம் நிலவுகிறது. பால்மத்தின் நிலக்கீல் துளிகளுக்கு நேர்மின்னேற்றம் தரும் பால்மமாக்கியைப் பயன்படுத்தினால், அத்துளிகள் கல்லை நாடிச்சென்று ஒட்டிக்கொண்டு நீரை வெளியே தள்ளுகின்றன. சூடான கலவையில் குறையாக இருந்த கல்லின் இயல்பே இங்கே துணையாகிறது. அடிக்கடி மழை பெய்யும், கருங்கல்லையே நம்பியிருக்கும் ஓர் ஊருக்கு இது சிறிய செய்தியன்று.

அந்தக் கருங்கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒரு காலத்தில் அது நம்மிடமே இருந்தது. 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு உபின் தீவிலிருந்து கல் சென்றது; 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்துக்கு உபினும் புக்கிட் தீமாவும் கல் கொடுத்தன. உபினின் கடைசிக் கல்லுடைப்புத் தளம் 1999இல் மூடப்பட்டது. புக்கிட் தீமாவிலும் கோம்பாக்கிலும் கல் உடைத்த பள்ளங்கள் இன்று நீர் நிறைந்த பூங்காக்கள். இப்போது நம் சாலைகளின் கல் படகேறி வருகிறது. 2007இன் தொடக்கத்தில் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்து, கருங்கல் ஏற்றிய படகுகளையும் தடுத்து நிறுத்தியபோது கட்டுமானத் துறை தவித்ததும், அரசாங்கம் தன் கையிருப்பைத் திறந்துவிட்டதும் அத்துறையில் இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 200 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பேட்டைத் தெருவின் பரப்பு 1,200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பிரீமிக்ஸ் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. தெரு முழுவதற்கும் ஏறக்குறைய 144 டன். ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் ஜல்லி கொண்ட தூவல் பூச்சுக்குச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ கல் போதும். தெருவுக்கு 18 டன்னைத் தாண்டாது. அதாவது எட்டில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. பிரீமிக்ஸை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கவேண்டும். பால்மத்தை அதில் பாதி வெப்பத்துக்கும் குறைவாகவே தெளிக்கலாம். இந்தப் பூச்சு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை நிற்கும் என்பது பிற நாடுகளின் பொதுவான அனுபவம். பிரீமிக்ஸின் ஆயுளைவிட இது குறைவுதான் என்றாலும், இருமுறை பூசினாலும் செலவாகும் கல் நான்கில் ஒரு பங்குதான்.

இவ்வளவு நன்மை உள்ள ஜல்லித் தூவலை நம் பேட்டைகளில் அப்படியே செய்யலாமா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் வேண்டாம் என்றே நான் சொல்வேன். முதல் சில நாட்கள் ஒட்டாத கற்கள் தெருவில் கிடக்கும். காருக்கு அவை கண்ணாடியில் தெறிக்கும் தொல்லை, மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கோ வளைவில் உயிராபத்து. வீட்டு வாசல்களில் கார்கள் நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பும்போது இறுகாத கற்கள் பெயர்ந்துவிடும். முட்டுச்சந்துகளில் இது இன்னும் மோசம். கரடுமுரடான பரப்பு சக்கர ஓசையைக் கூட்டும். சுவரோடு சுவராக வீடுகள் உள்ள தெருவில் அது பொறுக்கத்தக்கதன்று. சக்கர நாற்காலியில் செல்லும் முதியவரையும் நினைத்துப்பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிற்பகலில் திடீரென்று கொட்டும் மழை, இறுகாத பால்மத்தை வடிகாலுக்குள் அடித்துச்சென்றுவிடும். நம் வடிகால்களில் பல நீர்த்தேக்கங்களுக்குச் செல்பவை.

குழம்புப் பூச்சு வகைகள், சிறப்பாக மைக்ரோ சர்ஃபேசிங், இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கின்றன. உதிரும் கல் மிகக் குறைவு. பரப்பு ஓரளவு சமமாக இருக்கும். பத்து மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் என்பதால் பல தெருக்களில் சுரண்டாமலே பூசினாலும் சாலையோரக் கட்டையின் உயரத்தில் பெரிய மாற்றம் வராது. காலையில் போட்டு, மழை மேகம் கூடுவதற்குமுன் தெருவைத் திறந்துவிடலாம். மழை குறைவான பிப்ரவரி மாதம் இதற்கு ஏற்றது. ஜல்லித் தூவலுக்கும் இடமில்லாமல் இல்லை: குடியிருப்பிலிருந்து விலகிய, வளைவு குறைந்த, வெயில் படும் சேவைச் சாலைகளில் அது மிகச் சிக்கனமானது.

இதைவிடக் கடினமான தடை வேறொன்று. மேற்பூச்சுக்கு உரிய காலம், சாலை நன்றாகத் தெரியும் காலம். குழி விழுந்தால் 'ஒன்சர்வீஸ்' செயலியில் படம் எடுத்து அனுப்ப நம்மால் முடிகிறது. நிலக்கீல் இறுகிக்கொண்டிருப்பதைப் படம் எடுக்க முடிவதில்லை. அமெரிக்கப் பாடநூல்களில் ஒரு வளைகோடு அடிக்கடி காட்டப்படும்: சாலை தன் ஆயுளின் முக்கால் பங்கில் தரத்தின் 40 விழுக்காட்டை இழக்கிறது, அடுத்த 40 விழுக்காட்டை, ஆயுளில் வெறும் 12 விழுக்காட்டுக் காலத்திலேயே இழந்துவிடுகிறது. பனி உறையும் நாட்டின் அனுபவத்தில் வரைந்த அந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் நெடுங்காலம் மெதுவாகவும் பிறகு திடீரென்றும் என்ற அதன் வடிவம், நான் நடக்கும் தெருவில் கண்ணால் கண்டது. நல்ல நிலையில் உள்ள தெருவுக்குப் பணம் செலவழித்து, குழி விழுந்த தெருவைச் சில மாதம் காக்கவைப்பதைக் குடியிருப்பாளர்களிடம் விளக்குவது எந்த அதிகாரிக்கும் எளிதன்று.

பூசிய மறு ஆண்டே குழாய்க்கோ கம்பிக்கோ தெருவை வெட்டினால் செய்ததெல்லாம் வீண். வெட்டிய ஒட்டின் நான்கு ஓரங்களும் நான்கு புதிய விரிசல்கள் என்றே கொள்ளவேண்டும். மரினா பேயில் குடிநீர்க் குழாய்களையும் மின், தொலைத்தொடர்புக் கம்பிகளையும் ஒரே சுரங்கத்துக்குள் கொண்டுசென்ற பொதுச் சேவைச் சுரங்கம் அங்கே அந்தத் தொல்லையை நீக்கியது. பழைய பேட்டைகளில் அப்படி ஒரு சுரங்கத்தை அமைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. தோண்டும் வேலைகளை முடித்துவிட்டுப் பூசுவது, பூசியபின் சில ஆண்டுகள் அவசரம் தவிர வேறு எதற்கும் தோண்டாமல் இருப்பது என்ற ஒழுங்கு மட்டுமே அங்கே இயலக்கூடியது.

தன் தெரு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய விரும்புபவர், மழை ஓய்ந்து அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்க்கலாம். பரப்பு காயத் தொடங்கும்போது விரிசல்கள் மட்டும் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கரிய கோடுகளாகத் தெரியும். கோடே இல்லாமல் சாம்பல் நிறம் மட்டும் இருந்தால் பூச்சுக்கு உரிய காலம் அதுதான். தனித்தனியாகச் சில கோடுகள் தெரிந்தால் அவற்றை முதலில் அடைத்துவிட்டுப் பூசலாம். கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, அவற்றின் ஓரத்தில் வெளுத்த சேறும் படிந்திருந்தால், அந்த இடத்தைத் தோண்டித்தான் ஆகவேண்டும். நான் நடக்கும் தெருவில் இப்போது மூன்றும் இருக்கின்றன: மரநிழலில் முதல் வகை, நடுப்பகுதியில் இரண்டாவது, குப்பை லாரி திரும்பும் முனையில் மூன்றாவது.